கைமாத்து: பசியும் பக்கத்து வீடும்

“யக்கா, ரெண்டாழாக்கு அரிசி இருந்தா குடு. சனிக்கெழம கூலி வந்ததும் அளந்துர்றன்.”

சேரியில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இந்தக் குரலை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு வைக்கிற நேரம். முந்தானைக்குள் ஒரு கிண்ணம். சில நாள் அம்மாவே வருவாள், பல நாள் பிள்ளையை அனுப்புவாள். பிள்ளை வாசலில் நின்று ‘அம்மா கேட்டுச்சி’ என்று மட்டும் சொல்லும். என்ன கேட்டது என்று அந்த வீட்டுக்காரி திருப்பிக் கேட்க மாட்டாள். பானைக்குள் ஆழாக்கை விட்டுத் தலைதட்டி அளந்து போடுவாள். திருப்பித் தருகிறபோது மட்டும் தலைதட்டக் கூடாது, கும்பமாகத் தரவேண்டும். அந்தக் கும்பம் வட்டி அல்ல, மரியாதை. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. எங்கள் தென்னாற்காட்டுப் பக்கத்தில் இதற்குப் பெயர் கைமாத்து.

பசியைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதிவருகிற மொழி நம்முடையது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். அந்த எழுத்தில் இந்தக் கிண்ணம் எங்கே இருக்கிறது? இதுதான் என் கேள்வி. கொடுத்தவனை எழுதினார்கள். கொடுத்தவனைப் புகழ்வதற்காகப் பசித்தவனையும் எழுதினார்கள். பக்கத்து வீட்டை எழுதவில்லை. எழுதிய ஓரிரு இடங்களையும் நமக்குப் பாடம் நடத்தியவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். தலித் எழுத்தாவது இந்தக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்திருக்கிறதா என்றால், அங்கேயும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

1

எம்.ஏ. வகுப்பில் ஈகை அதிகாரம் நடத்தினார்கள். இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றவருக்குக் கொடுப்பதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையது என்பது அதன் முதல் குறளின் (221) கருத்து. குறியெதிர்ப்பை என்றால், அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது என்று உரை சொல்கிறது. தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் என்று குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது: அட, இது நம்ம கைமாத்து! எங்க ஆயா காலமெல்லாம் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு ஒரு செந்தமிழ்ப் பெயர் இருந்திருக்கிறது. அது உயர்ந்த இடத்தில் வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஈகை எது என்று காட்டுவதற்காக, ஈகை அல்லாதது எது என்ற வரிசையில் அது நிற்கிறது.

வள்ளுவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்வது என் நோக்கமல்ல. திருப்பித் தர வழியுள்ளவனுக்குக் கொடுத்துவிட்டு வள்ளல் என்று பெயர் வாங்காதே என்கிற பேச்சு நியாயமானது. இரவச்சம் அதிகாரத்தில், பிச்சை எடுத்துத்தான் சிலர் வாழவேண்டும் என்றால் அப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனையே சபிக்கிறவரும் அவர்தான். ஆனால் அதே ஈகை அதிகாரத்தில் இன்னொரு குறள் (226), வறியவரின் பசியைத் தீர்ப்பதுதான் பொருள் உள்ளவன் தன் பொருளைச் சேர்த்து வைக்கிற இடம் என்கிறது. யோசித்துப் பாருங்கள். யாருடைய வயிறு யாருக்குப் பெட்டகம்? பசித்தவளின் வயிறு கொடுப்பவனின் புண்ணியக் கணக்கு ஏறுகிற இடமாகிவிடுகிறது. அந்த வயிறு நாளைக்கும் காலியாக இருந்தால்தான் நாளைக்கும் அவன் கணக்கு ஏறும். ஈகை என்ற ஒழுங்குக்கு ஏழை நிரந்தரமாகத் தேவைப்படுகிறான். கைமாத்துக்கு அப்படி யாரும் நிரந்தர ஏழையாக இருக்கவேண்டியதில்லை. இன்றைக்கு நீ, நாளைக்கு நான். கிண்ணம் இரண்டு பக்கமும் நடக்கும்.

2

இப்போது புறநானூற்றுக்கு வருவோம். சங்கப் புலவர்கள் வறுமையைப் பாடியது போல வேறு யாரும் பாடவில்லை என்பது உண்மை. சமைப்பதையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது, பாலில்லாத முலையைச் சுவைத்துக் குழந்தை அழுகிறது, வெறும் பானையைத் திறந்து பார்த்துவிட்டு அழுகிற பிள்ளைக்குத் தாய் புலி வருது என்று பூச்சி காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். படிக்கிறபோது நம் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தவர்கள் எழுதியது போல இருக்கும். ஆனால் இந்தப் பாட்டுகள் எல்லாம் யாருடைய சபையில் நிற்கின்றன? குமணனைப் போன்ற ஒரு தலைவனின் முன்னால் நிற்கின்றன. பசி அங்கே பரிசில் வாங்குவதற்கான மனுவாக எழுதப்படுகிறது.

இதற்கு நடுவில் ஒரு பாட்டு மட்டும் திரும்பி நிற்கிறது. 163ஆம் பாட்டு, பெருஞ்சித்திரனார் பாடியது. குமணனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த புலவர் மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்புகிறவர்களுக்குக் கொடு, நீ விரும்புகிறவர்களுக்குக் கொடு, சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடு என்று ஒரு பட்டியல் போடுகிறார். அந்தப் பட்டியலில், நம் குடும்பத்தின் கொடும்பசி தீர முன்பு உனக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு என்று சேர்த்துச் சொல்கிறார். இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே, சேர்த்துவைத்து நாம் மட்டும் நன்றாக வாழலாம் என்று நினைக்காதே என்பது மீதிப் பேச்சு.

பாடாண் திணையில் வைத்துக் குமணனின் கொடைச் சிறப்பைச் சொல்லும் பாட்டாகவே இதை நமக்கு நடத்தினார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். குமணன் கொடுத்தது ஒரு நாள். அந்த ஒரு நாள் வருகிறவரைக்கும் அந்தக் குடும்பத்தை உயிரோடு வைத்திருந்தது யார்? அந்தத் தெருப் பெண்கள். புலவர் ஊர் ஊராகப் போய் அரசர்களைப் பாடிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி கிண்ணத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். பாட்டில் குமணனுக்குப் பெயர் இருக்கிறது, அவன் மலைக்கும் பெயர் இருக்கிறது. கைமாத்து கொடுத்தவர்களுக்குப் பெயர் இல்லை. வாங்கியவளுக்கும் பெயர் இல்லை. ஆனால் கடன் இருந்தது, அந்தக் கடன் மறக்கப்படவில்லை. குறளில் தாழ்ந்து நிற்கிற அதே சொல் இங்கே நன்றியோடு நிமிர்ந்து நிற்கிறது. வள்ளல்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்த தமிழ்ப்புலமை இந்த ஒரு சொல்லை விரித்துப் பேசவேண்டும் என்று நினைக்காமல் போனதற்குக் காரணம், அது பெண்களின் காரியம், ஏழைகளின் காரியம் என்பதைத் தவிர வேறென்ன?

மணிமேகலை நமக்கு நெருக்கமான பௌத்தக் காப்பியம். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய கதை இன்றைக்கும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. ஊரால் விரட்டப்பட்ட ஆபுத்திரன் கையில்தான் முதலில் அமுதசுரபி வருகிறது என்பதும் சாதாரண விஷயமல்ல. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்துக்குள் இருக்கிற சோற்றுக்கு யார் நாற்று நட்டது, யார் களை எடுத்தது, யார் களத்தில் நெல் தூற்றியது? பாத்திரம் தெய்வம் தந்தது என்று ஆனவுடனே வயலும் கூலியும் கதைக்கு வெளியே போய்விடுகின்றன. நம் பானையோ அள்ளினால் குறைகிற பானை. குறையும் என்று தெரிந்தே எடுத்துக் கொடுக்கிறவளின் கை அமுதசுரபியை விடப் பெரியது.

3

தலித் எழுத்து வந்த பிறகுதான் சோறு யார் கையிலிருந்து, எந்த உயரத்திலிருந்து விழுகிறது என்பது எழுதப்பட்டது. பாமாவின் ‘கருக்கு’ (1992) வெளிவந்தபோது அதிர்ந்தவர்கள் பலர். நாயக்கர் வீட்டில் உழைக்கிற பாட்டிக்குப் பழையதைத் தொடாமல் போடுவதும், குவித்த கையில் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவதும், தின்பண்டப் பொட்டலத்தைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற பெரியவரைப் பார்த்துச் சிறுமி சிரித்துவிட்டுப் பிறகு அதன் பொருள் தெரிந்து கொதிப்பதும் நம் எல்லாருக்கும் மனப்பாடம். இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் எழுதிய தன்வரலாற்றுக்கு எச்சில் சோறு என்று பொருள்படும் ‘ஜூட்டன்’ என்றே பெயர். கல்யாண வீட்டில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நல்ல சோறு கேட்டு அவமானப்பட்ட அவருடைய தாய், கூடையில் சேர்த்த எச்சிலை அங்கேயே கொட்டிவிட்டுத் திரும்புகிறாள். அதற்குப் பிறகு அவள் அந்த வாசலுக்குப் போகவே இல்லை. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் செத்த மாட்டிறைச்சியையும் எச்சில் சோற்றையும் விட்டொழியுங்கள் என்று அம்பேத்கர் கேட்டதன் தொடர்ச்சியாகவே அந்தத் தாயை நான் பார்க்கிறேன்.

சரி, கூடையைக் கொட்டியாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் என்ன சாப்பிட்டன?

இந்தக் கேள்வியை நம் விமர்சனம் கேட்பதில்லை. ஊர்ச்சோற்றை மறுப்பது கலகம். அந்தக் கலகம் மறுநாளும் நிற்கவேண்டுமானால் சேரிக்குள் ஒரு பானையில் அரிசி இருக்கவேண்டும். கலகத்தை எழுதினோம், பானையை எழுதவில்லை. இதுதான் என் மனக்குறை. நம் பசியை நாம் ஊரைப் பார்த்து எழுதுகிறோம். பார், நீ எனக்கு இப்படிச் செய்தாய் என்று சாதி இந்து வாசகனின் முகத்துக்கு நேரே நீட்டுகிறோம். அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கவாட்டில் திரும்பி அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்து எழுதுவது குறைவாகவே இருக்கிறது. விளைவு, நம் கதைகளில் சேரிப் பசி எப்போதும் ஊரின் கொடுமைக்குச் சாட்சியாகவே வருகிறது. சேரிக்குள் அது எப்படிச் சமாளிக்கப்படுகிறது, யார் யாரைத் தாங்குகிறார்கள், யார் யாரைக் கைவிடுகிறார்கள் என்பது வெளியே வருவதில்லை.

கைவிடுவதைப் பற்றிச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) வந்தபோது அந்தக் கோபத்தைப் பார்த்தோம். பறைத்தெருவுக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியம் வீடுவீடாகப் போய் ராச்சோறு எடுக்கிறாள், களத்தில் தன் பங்கு நெல்லுக்காகக் கெஞ்சி நிற்கிறாள். ஊர் நமக்குச் செய்ததை நாம் அவளுக்குச் செய்கிறோம். நம்மை இழிவுபடுத்திவிட்டார் என்று சண்டைக்குப் போனோம். அந்த நாவலின் மீது இன்றைக்கும் எனக்குச் சில கேள்விகள் உண்டு. ஆனால் அது நம் முன் வைத்த கேள்வி வேறு: கைமாத்து என்ற ஒழுங்குக்குள் ஆரோக்கியத்துக்கு ஏன் இடமில்லை? அவளுக்குப் போட்டது கைமாத்து அல்ல, சோறு. அளந்து கொடுத்து அளந்து வாங்குவது சமமானவர்களுக்குள் நடப்பது. அவளை நாம் சமமாக வைக்கவில்லை. காலனியில் கடைசி வீட்டுப் புதிரை வண்ணார் குடும்பத்திடமிருந்து ஓர் ஆழாக்கு அரிசி நாம் கடன் வாங்கியிருக்கிறோமா? கொடுத்தோமா என்பது கேள்வி இல்லை, வாங்கினோமா என்பதுதான் கேள்வி.

4

இதையெல்லாம் வெறும் இலக்கியச் சர்ச்சையாக நான் எழுதவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கட்டட வேலை நின்றது, கொளுத்து வேலைக்கு வெளியூர் போனவர்கள் நடந்தும் லாரி ஏறியும் திரும்பினார்கள். ரேஷன் அரிசி இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு விலையில்லை. ஆனால் அரிசி மட்டுமே சாப்பாடு ஆகுமா? பருப்புக்கும் எண்ணெய்க்கும் காசில்லை. எங்கள் அமைப்புத் தோழர்கள் சேர்ந்து மளிகைப் பைகள் கட்டினோம். பட்டியல் போட்டோம், பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நிற்கச் சொன்னோம். கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டுமென்று போட்டோவும் எடுத்தோம். ஈகை அதிகாரத்தை விமர்சித்துக் கட்டுரை எழுதுகிற நானும் அந்த வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டுதான் நின்றேன்.

எங்கள் தெருவிலேயே அதிகப் பசியில் இருந்த வீடு அந்த வரிசைக்கு வரவில்லை. புருஷன் இல்லாத பெண், இரண்டு பிள்ளைகள், கூட்டாகச் சேர்ந்த ரேஷன் அட்டை மாமியார் வீட்டில். அவளுக்கென்று அட்டை இல்லாததால் எங்கள் பட்டியலிலும் பெயர் இல்லை. கேட்டால் ‘பரவால்ல தம்பி, இருக்குது’ என்றாள். அன்றைக்குச் சாயந்திரம் எதிர்வீட்டு அம்மா ஒரு படி அரிசியும் கொஞ்சம் பருப்பும் எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் நின்று சொன்னதை நான் காதால் கேட்டேன்: “இந்தாம்மே, தையில ஒங்கிட்ட வாங்குனது. குடுக்கணும் குடுக்கணும்னு மறந்தே பூட்டன்.”

தை மாசத்தில் அந்த அம்மா எதையும் வாங்கவில்லை. அது எனக்கும் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு கிண்ணத்தை எடுத்துவந்து வாங்கிக்கொண்டாள். கொடுப்பதைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கொடுக்கிற இந்தப் பொய்க்குள் எத்தனை பெரிய அறம் இருக்கிறது! ஈகையைக் குறியெதிர்ப்பையின் வேஷத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள் அந்த அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவள். நாங்கள் மைக் பிடித்துச் செய்ததில் இல்லாத ஒன்று அவள் செய்ததில் இருந்தது. அன்றைக்கு ராத்திரியே போட்டோக்களை அழித்தோம்.

5

ஆனால் கைமாத்தைக் கொண்டாடிவிட்டுப் போய்விடக் கூடாது. அது அழிந்துகொண்டிருக்கிறது. முதல் காரணம், வாரத் தவணைக் குழுக்கடன். ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்குகிறார்கள். ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்டவேண்டும், இல்லையென்றால் யாரும் எழுந்து போக முடியாது. நேற்றுவரை ஆழாக்கோடு வந்த எதிர்வீட்டுக்காரி இன்றைக்கு வசூலுக்கு வந்து வாசலில் உட்காருகிறாள். அண்டைவீட்டு நம்பிக்கை என்ற சேரியின் ஒரே சொத்தை ஈடாக எடுத்துக்கொண்டு வட்டி சம்பாதிக்கிற ஏற்பாடு இது. தவணை நாள் வருகிறதென்று அடுப்பு மூட்டாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பருப்பும் காய்கறியும் நின்று, ரசத்தோடும் வெறும் சோற்றோடும் நாள் ஓடுகிறது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் பெண். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. விலையில்லா அரிசி உள்ள மாநிலத்தின் பசி இப்படித்தான் இருக்கும். வயிறு நிரம்பியது போலிருக்கும், உடம்பு காய்ந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, கைமாத்துக்கென்று ஓர் எல்லை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெரு முழுக்க வேலை இல்லாதபோது யார் பானையில் அரிசி இருக்கும்? இல்லாதவர்களுக்குள் சுற்றிவருகிற அரிசி இல்லாமையைப் பங்குபோடும், போக்காது. அதனால்தான் நம் போராட்டம் கிண்ணத்தோடு நிற்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்தார்கள். 1892இல் ஒதுக்கப்பட்டுப் பிறகு பறிபோன பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994இல் காரணைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்தார்கள். நிலமும் கூலியும் பசியின் வேர். அதை மறந்துவிட்டு அண்டை அயலாரின் அன்பை மட்டும் பேசுகிறவன் அரசாங்கத்துக்கும் ஆண்டைக்கும் வேலையை மிச்சம் பண்ணித் தருகிறான்.

அரசாங்கம் போடுகிற சோறும் நம் உரிமைதான், யாருடைய கருணையும் இல்லை. 1982இல் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு என்று வந்தவை நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தன. சமையலர், உதவியாளர் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளிக்கூடத்தை மறித்தார்கள். நம் கை சமைத்ததைத் தின்ன மாட்டார்கள், நம் கை விளைவித்ததைத் தின்பார்கள். கிண்ணம் இரண்டு பக்கமும் நடப்பதுதான் சமத்துவம் என்றேனே, அதை ஊர் எவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது பாருங்கள். கொடுக்க அவர்களுக்குத் தயக்கம் இல்லை. நம்மிடமிருந்து வாங்கத்தான் மறுக்கிறார்கள்.

6

அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்யவேண்டியது என்ன? எங்கள் தெருவில் ஊரடங்குக்குப் பிறகு சில பெண்கள் ஒரு காரியம் தொடங்கினார்கள். அதைச் சொல்லி முடிக்கிறேன். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைப்பது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பொதுப்பானையில் சேர்ப்பது. பானை ஒரே வீட்டில் இருப்பதில்லை, மாதம் ஒரு வீடு மாறுகிறது. கடைசி வீட்டுக்கும் அதன் முறை வருகிறது. வேண்டியவர்கள் போய் அளந்து எடுத்துக்கொள்ளலாம், முடிந்தபோது அளந்து போடலாம். பெயர் எழுதுவதில்லை. முதல் மாதமே நோட்டுப் போடலாம் என்று நான் சொன்னேன். “எழுதுனா அது குழுக்கடன் ஆயிடும் தம்பி” என்று ஒரு அம்மா என் வாயை அடைத்தாள்.

அரிசிக்கு மேலே இன்னொரு கைமாத்தும் நடக்கிறது. ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாத கிழவிக்குத் துணையாகப் போய்ச் சண்டை போடுவது. தனி அட்டை இல்லாத பெண்ணுக்கு மனு எழுதித் தாலுகா அலுவலகத்துக்குக் கூடவே போய் நிற்பது. சத்துணவு முட்டை பிள்ளைகளுக்கு ஒழுங்காக வருகிறதா என்று முறைபோட்டுப் பார்ப்பது. தவணை நாளில் ஒருத்தியைத் தனியாக உட்கார வைக்காமல் பத்துப் பேர் கூடப் போய் உட்காருவது. படித்த மாணவத் தோழர்களால் உடனே செய்ய முடிந்த வேலை இது. எங்கள் தெருவில் வரிசைக்கு வராத அந்தப் பெண்ணுக்கு, நான்கு முறை அலைந்த பிறகு, தனி அட்டை வந்தது. முதல் மாத அரிசி வாங்கிய அன்றைக்கு எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு படி அளந்துகொண்டு போனாள். கும்பமாக.

அந்த அம்மா வாங்கிக்கொண்டாள். தை மாசக் கணக்குப்படி அது வரவேண்டிய அரிசி அல்ல. இரண்டு பேருக்கும் தெரியும்.

எழுதுகிற தோழர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஊரின் கை எந்த உயரத்திலிருந்து ஊற்றியது என்பதை இன்னும் எழுதுங்கள். அது முடிந்துபோன கதை அல்ல. அதோடு, அடுத்த வீட்டுக் கை எந்த மட்டத்தில் நீண்டது என்பதையும் எழுதுங்கள். புலவரின் மனைவிக்கு அரிசி கொடுத்தவளின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் எழுதவில்லை. அந்தக் கடன் இன்னும் நம் தலையில் நிற்கிறது.